ஒரே துறைக்கு மூன்று பெயர்: களனிக் கரையில் ஒரு மரபுரிமைப் பூங்கா வருமானால்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்து இரவில் வாசியுங்கள்.

எங்கள் ஊருக்கு மூன்று பெயர்கள். நாம் தமிழில் சொல்வது பாலத்துறை. பஸ் கண்டக்டர் கூவுவது தொட்டலங்க. கடிதத்தில் எழுதுவது கிராண்ட்பாஸ், கொழும்பு 14. தரம் 9 பிள்ளைகளிடம் இந்த மூன்றுக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. சிங்களத்தில் 'தொட்ட' என்றால் துறை. ஆற்றைக் கடக்கும் இடம். தொட்டலங்க என்றால் துறைக்கு அருகில். போர்த்துக்கேயர் இதே இடத்தைப் 'பாஸோ கிராண்டே', அதாவது பெரிய கடவை, என்று அழைத்தார்கள். அதுதான் ஆங்கிலேயரின் வாயில் கிராண்ட்பாஸ் ஆனது. நமது பெயரில் துறையோடு பாலமும் சேர்ந்திருக்கிறது. ஆக மூன்று மொழிக்காரரும் ஒரே இடத்தில் நின்று ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள்: இங்கேதான் கங்கையைக் கடக்க வேண்டும்.

இன்னும் கொஞ்சம் கீழே போனால் முகத்துவாரம். சிங்களத்தில் மோதர. இரண்டுக்கும் ஒரே பொருள், ஆற்றின் வாய். இந்த ஊர்களில் பெயர்ப்பலகையை வாசித்தாலே வரலாற்றுப் பாடம் பாதி முடிந்துவிடும்.

ஏன் இதை இப்போது எழுதுகிறேன்? கங்கைக் கரையில் நடைபாதை, மரங்கள், பழைய காலத்தைச் சொல்லும் பலகைகள் எல்லாம் வைத்து ஒரு மரபுரிமைப் பூங்கா அமைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற பேச்சு நம்மிடையே அடிக்கடி எழுகிறது. கல்யாண வீட்டிலும் கேட்டிருக்கிறேன், பெற்றோர் கூட்டத்திலும் கேட்டிருக்கிறேன். ஆனால் அதே பெற்றோர் கூட்டத்தில் பண்டுக்கு அந்தப் பக்கம், ஆற்றோரத் தோட்டங்களில் வசிக்கும் தாய்மார் ஒன்றும் பேசாமல் இருந்ததையும் பார்த்தேன். கூட்டம் முடிந்து வெளியே வந்த பிறகுதான் ஒருவர் கேட்டார், "டீச்சர், பூங்கா வந்தா எங்கள எங்க அனுப்புவாங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால், அந்தக் கரையில் யார் யார் இருந்தார்கள் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சிவனொளிபாத மலைத் தொடரில் பிறந்து 145 கிலோமீற்றர் ஓடி வருகிறது களனி கங்கை. அதன் கடைசிச் சில கிலோமீற்றர்தான் நம்முடையது. கொழும்பு என்ற பெயரே களனித் துறை என்ற பொருளில் 'கொலன் தொட்ட' என்பதிலிருந்து வந்தது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. வேறு விளக்கங்களும் உண்டு, ஆனால் எனக்கு இது பிடித்திருக்கிறது. 1344இல் இங்கு வந்த இப்னு பதூதா, கொழும்பை இத்தீவின் அழகான பெரிய நகரங்களில் ஒன்று என்று எழுதினார். கடலை ஆளும் ஜலஸ்தி என்பவர் ஏறக்குறைய ஐந்நூறு அபிசீனியருடன் அங்கே இருந்ததாகவும் குறிப்பிட்டார். நமது ஆட்கள் மேடையில் ஏறினால் இந்த ஒரு வரியோடு வரலாற்றை முடித்துவிடுவார்கள். அதற்கு முன்னும் பின்னும் இந்த ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்தது. மேலே களனி விகாரை. புத்தர் வந்து போன இடம் என்று மகாவம்சம் சொல்லும் தலம் அது. அதன் வளவில் விபீஷணருக்கு ஒரு தேவாலயம் இருக்கிறது. இராமாயணத்து விபீஷணர், சிங்கள பௌத்தரின் காவல் தெய்வமாகக் களனியில் வீற்றிருக்கிறார். இன்னும் மேலே மல்வானை. இன்று நமக்கு அது முஸ்லிம் ஊர், ரம்புட்டான் ஊர். போர்த்துக்கேயர் காலத்தில் அவர்களுடைய தளபதி ஜெரோனிமோ த அசவேது கோட்டையை விட்டு அங்கே போய்த் தங்கி, அங்கிருந்துதான் நாட்டின் தாழ்நிலத்தை ஆண்டார். கொழும்பிலிருந்து ஆற்றுவழியே போகலாம் என்பது அந்த இடத்தின் பெரிய வசதி.

கிராண்ட்பாஸில் ஒரு சண்டை நடந்தது பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. 1796 பெப்ரவரியில் ஆங்கிலப் படை நீர்கொழும்பிலிருந்து இறங்கி வந்து இந்தத் துறையில் கங்கையைக் கடந்தது. ஒல்லாந்தர் எதிர்க்கரையைக் காக்காமல் பின்வாங்கிவிட்டார்கள். பிறகு ரேமண்ட் என்ற பிரெஞ்சு அதிகாரியின் தலைமையில் ஒல்லாந்தரின் மலாய்ப் படைவீரர்கள் வந்து கிராண்ட்பாஸில் முகாமிட்டிருந்த ஆங்கிலேயரைத் தாக்கினார்கள். தாக்குதல் முறியடிக்கப்பட்டது. ரேமண்டும் காயப்பட்டு இறந்தார். சில நாட்களில் கொழும்புக் கோட்டை ஒரு முற்றுகைக்குக்கூட நிற்காமல் கையளிக்கப்பட்டது. கொழும்பைக் காக்க உண்மையில் இரத்தம் சிந்தியவர்கள் ஜாவாவிலிருந்தும் மலாய்த் தீவுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட சிப்பாய்கள். கொம்பனித்தெரு மலாய்க் குடும்பங்களிடம் இதைச் சொன்னால் அவர்களே ஆச்சரியப்படுகிறார்கள்.

ஆங்கிலேயர் வந்ததும் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, களனியிலிருந்து வத்தளை வழியாக நீர்கொழும்புக் களப்பு வரை ஒரு கால்வாய் வெட்டியது. 1802இல் தொடங்கி 1804இல் முடித்தார்கள். கவின் ஹமில்டன் என்ற அதிகாரியின் பெயரில் ஹமில்டன் கால்வாய். அந்தப் பக்கத்து மக்கள் இன்றும் அதை ஒல்லாந்தர் கால்வாய் என்றுதான் சொல்கிறார்கள். கால்வாய் என்றால் ஒல்லாந்தர் வெட்டியது என்று நம்மவர் மனதில் பதிந்துவிட்டது.

ஆனால் நமது ஊரை உருவாக்கியது கால்வாய் அல்ல, படகுப் பாலம். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கண்டி வீதியைப் போட்டுக்கொண்டிருந்த காலம். கங்கையைக் கடக்காமல் கண்டி வீதி இல்லை. கல்பாலம் கட்ட அப்போது வசதியும் இல்லை. 1822இல், கங்கையின் குறுக்கே வரிசையாகப் படகுகளை நங்கூரமிட்டு நிறுத்தி, அவற்றின் மேல் பலகை அடித்து வீதி போட்டார்கள். ஆறு பெருகினால் பாலமும் சேர்ந்து உயரும். ஆறு வற்றினால் இறங்கும். மேலிருந்து வரும் பாரப் படகுகளுக்கு வழிவிட, குறித்த நேரங்களில் நடுவிலுள்ள படகுகளை விலக்கி மறுபடி சேர்ப்பார்கள். அதுவரை கரத்தைகள் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும். நிற்கும் இடத்தில் மாட்டுக்குத் தண்ணீர், மனிதருக்குச் சாப்பாடு, அச்சு முறிந்தால் கொல்லன், லாடம் கழன்றால் லாடக்காரன். இப்படித்தான் ஒரு துறை ஊராகிறது. பாலத்தைக் கடக்கச் சுங்கம் கட்ட வேண்டும். அந்தச் சுங்கத்தை வசூலிக்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விட்டது. அந்த நாட்களில் உள்ளூர்ப் பணக்காரர் பலர் பணம் சேர்த்த வழிகளில் இத்தகைய சுங்கக் குத்தகையும் ஒன்று. சுமார் எழுபது வருடங்கள் அந்தப் படகுப் பாலம் வேலை செய்தது. 1895இல் இரும்பினால் விக்டோரியா பாலம் வந்தது. 1992இல் ஜப்பான் உதவியோடு கட்டிய நட்புறவுப் பாலம். 2021 நவம்பரில் இரவில் நிறம் மாறி மாறி மின்னும் கல்யாணிப் பாலம். பிள்ளைகள் செல்பி எடுப்பது அந்தக் கடைசிப் பாலத்தோடு மட்டும்தான்.

அந்தக் கரத்தைகளிலும் படகுகளிலும் போனது என்ன? மேலே உப்பு, கருவாடு, துணி. கீழே பாக்கு. கண்டி இராச்சிய காலத்திலேயே இந்த வியாபாரத்தின் நிலப் பாதியைச் சுமந்தவை தவள மாடுகள். பொதி சுமக்கும் மாட்டு மந்தையைத் தவளம் என்பார்கள். அதை ஓட்டியவர்களில் பெரும் பகுதியினர் கண்டிப் பகுதி முஸ்லிம்கள். படகு ருவன்வெல்லைப் பக்கம் வரை போகும், அதற்கு மேல் மாடு. பிறகு கோப்பிக் காலம் வந்தது. மலையிலிருந்து இறங்கிய கோப்பி கொழும்பு வடக்கின் கோப்பி ஸ்டோர்களில் உலர்த்திப் புடைத்துத் தெரிவு செய்யப்பட்டது. வெயிலில் முற்றத்தில் குந்தியிருந்து கோப்பிக்கொட்டை பொறுக்கிய பெண்களின் கூலியில்தான் இந்த ஒழுங்கைகளில் பல குடும்பங்கள் வாழ்ந்தன. 1867இல் ரயில் கண்டியை எட்டியதும் கரத்தைகள் குறைந்தன. களனிப் பள்ளத்தாக்கின் தேயிலை அதன் பிறகும் யட்டியந்தோட்டைப் பக்கமிருந்து படகில்தான் வந்தது. 1900களின் தொடக்கத்தில் அங்கேயும் ரயில் பாதை போட்டார்கள். படகுக்காரர்களுக்கு மிஞ்சியது மணலும் செங்கல்லும் ஓடும். தட்டையான அடியுள்ள 'பாரு' என்ற பாரப் படகுகளில் செங்கல் வந்து இறங்குவதைக் கண்ட மூத்தவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள்.

இனி வெள்ளம். இதைச் சொல்லாமல் நம் ஊரின் கதையைச் சொல்ல முடியாது.

நாகலகம் வீதியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீர்மானி ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் முழு நாடும் அதன் பெயரைச் செய்தியில் கேட்கும். களனியின் மற்ற நிலையங்கள் எல்லாம் மீற்றரில் அளக்க, நாகலகம் வீதி மட்டும் இன்னும் அடியில் அளக்கிறது. 4 அடி எச்சரிக்கை. 5 அடி சிறு வெள்ளம். 7 அடி பெருவெள்ளம். நமது வீடுகளில் அலிஃப் பா தெரியாத பிள்ளைக்கும் இந்த இலக்கங்கள் தெரியும். கித்துல்கல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல என்று மேலே ஒவ்வொன்றாக ஏறி வரும் நீர், கடைசியில் நம் வாசலுக்கு வரும். வெயில் எறிக்கும் நாளிலும் வெள்ளம் வரும் ஊர் இது. மழை பெய்தது மலையில், முந்திய நாள்.

அடுத்தடுத்து வந்த வெள்ளங்களால் 1924இல் வெள்ளப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அந்தக் காலத்தில்தான் கங்கையின் இரு கரையிலும் மண் அணை எழுப்பப்பட்டது. நாம் பண்டு என்று சொல்வது இதைத்தான். இந்தப் பண்டு ஊரை இரண்டாகப் பிரித்தது. நகரத்துப் பக்கம் பாதுகாக்கப்பட்ட பிரதேசம். ஆற்றுப் பக்கம் பாதுகாப்பற்ற பிரதேசம். இவை கோபத்தில் சொல்லும் வார்த்தைகள் அல்ல, வரைபடத்தில் உள்ள வார்த்தைகள். ஆறு பெருகும்போது விரிந்து படுக்க அதற்கு இடம் வேண்டும். அந்த இடம்தான் ஆற்றுப் பக்கத்து நிலம். பொறியியல் கணக்கில் அது ஆற்றின் படுக்கையறை. வாழ்க்கைக் கணக்கில், துறைமுகத்திலும் சந்தையிலும் நாட்கூலிக்கு வேலை செய்பவனுக்கு நகரத்துக்குள் கிடைத்த ஒரே நிலம். 1947 ஓகஸ்ட், 1989 ஜூன், 2016 மே, பிறகு 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்தது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் முதலில் கேட்டது இவர்களுடைய வீட்டைத்தான்.

2016இல் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கிக் கிடந்தபோது பள்ளிவாசல்களில் அண்டா வைத்து எல்லா இனத்தவருக்கும் சமைத்தோம். பன்சலைகளில் நமது தாய்மார் படுத்திருந்தார்கள். அந்த இரண்டு வாரங்களைப் பற்றி யாராவது ஒரு நாள் ஒழுங்காக எழுத வேண்டும். நம் வகுப்பில் ஒரு சிறுமி, 'மரபுரிமை' என்ற சொல்லுக்கு வசனம் எழுதச் சொன்னபோது இப்படி எழுதினாள்: "தண்ணி வந்தால் புத்தகங்களை அலுமாரிக்கு மேல் வைப்பது எங்கள் குடும்ப மரபுரிமை." இலக்கணப்படி பிழையில்லை. முழுப் புள்ளி போட்டேன்.

பூங்கா என்ற யோசனைக்கு வருவோம். அதற்கு நான் எதிரி அல்ல. வெள்ளம் விரியும் நிலத்தில் கட்டடத்தைவிடப் பூங்கா நல்லது. மூன்று நாள் மூழ்கினாலும் மரம் நிற்கும், கழுவிவிட்டால் நடைபாதையும் பாவிக்கலாம். கோட்டேயில் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். பழைய கோட்டை இராச்சியத்தின் அரண் பக்கத்தில், சதுப்பு நிலத்தின் மேல் மரப்பாலம் போட்டு, பறவை பார்க்க வசதி செய்திருக்கிறார்கள். மழைநீரும் தேங்க இடமிருக்கிறது, மனிதரும் நடக்க இடமிருக்கிறது. 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததும் இத்தகைய இடங்களால்தான். கொழும்பு வடக்குப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் அது இருக்கக் கூடாது? காக்கைத்தீவுக் கடற்கரையில் விடுமுறை நாளில் விழும் சனக்கூட்டத்தைப் பாருங்கள். மூச்சு விட இடமில்லாத வீடுகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள்.

என் பயம் வேறு. அதைச் சொல்லச் சிங்கப்பூர் ஆற்றுக்குப் போக வேண்டும்.

அந்த ஆறும் நம்முடையதைப் போலத் துறையாக இருந்தது. கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும் தோணிகள் ஆற்றை அடைத்து நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் அந்தத் தோணிகளை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள். நம்மைப் போலத் தமிழ் பேசியவர்கள். 1826இல் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் சூலியா தெருவும் அவர்கள் விட்டுப்போன அடையாளங்கள். பின்னர் அந்தத் தொழில் சீனரின் கைக்குப் போனது. ஆறு சாக்கடையானது. 1977இல் பிரதமர் லீ குவான் யூ பத்து வருடத்தில் அதைச் சுத்தம் செய்யச் சொன்னார், 1987இல் வேலை முடிந்தது. மீன் திரும்பி வந்தது. அது பெரிய சாதனைதான், மறுக்க முடியாது. அதற்காகச் சுமார் 26,000 குடும்பங்கள் இடம்மாற்றப்பட்டன. 1983இல் தோணிகள் எல்லாவற்றையும் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பினார்கள். பிறகு பழைய கடைவீடுகளைப் பாதுகாத்து, உணவகங்களாக்கி, கரையெங்கும் வெண்கலச் சிலைகள் வைத்தார்கள். ஆற்றில் குதிக்கும் சிறுவர், மூட்டை தூக்கும் கூலியாட்கள், வியாபாரிகள். மிக அழகான சிலைகள். மூட்டை தூக்கியவன் வெண்கலமாக நிற்கிறான், அவனுடைய பேரன் அங்கே ஒரு கோப்பை தேநீர் குடிக்கக் கணக்குப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூர் அரசாங்கம் அந்தக் குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடு கொடுத்தது, நடைபாதை வியாபாரிகளுக்கு உணவு நிலையங்களில் கடை கொடுத்தது. ஒழுங்காகச் செய்த நாட்டிலேயே கரை இப்படி ஆனது என்றால், ஒழுங்கு குறைந்த நாட்டில் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கொழும்புத் தோட்டங்களிலிருந்து தொடர்மாடிக்குப் போன குடும்பங்களை நமக்குத் தெரியும். வீடு உறுதியானது, தண்ணீர் ஏறாது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் தள்ளுவண்டிக்கு அங்கே இடமில்லை, வாசலில் இடியப்பம் அவித்து விற்றவளுக்கு ஒன்பதாம் மாடியில் வாடிக்கையாளர் இல்லை, பாடசாலை இரண்டு பஸ் தள்ளிப் போய்விட்டது.

ஆகவே ஆற்றோரத்தில் பூங்கா வருமானால் வேலையின் வரிசை முக்கியம். முதலில் வீடு, அதே வட்டாரத்தில், பிள்ளை நடந்து பாடசாலைக்குப் போகும் தூரத்தில். யார் யார் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்ற பட்டியலை ஊராரோடு சேர்ந்து எடுத்து, எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். அதன் பிறகுதான் மரக்கன்று. பூங்காவில் காவலாளி, தோட்டக்காரர், தேநீர்க் கடைக்காரர் வேலைகள் எல்லாம் முதலில் ஆற்றுப் பக்கத்து ஆட்களுக்கு. வெள்ளம் வரும் அறிகுறியை அவர்களைவிட யார் சொல்லப் போகிறார்கள்?

பலகைகளில் என்ன எழுதுவது என்பதிலும் சண்டை வரும், வரட்டும். ஒவ்வொரு சமூகமும் தனக்கு ஒரு பலகை கேட்கும். பௌத்தர்கள் விகாரையை, கத்தோலிக்கர் முகத்துவாரத்துத் தேவாலயங்களை, இந்துக்கள் கோயில்களை, நாம் இப்னு பதூதாவை. கடைசியில் பூங்கா நான்கு மூலையாகப் பிரிந்துவிடும். ஆறு யாருக்கும் தனிப் பலகை கேட்காமல்தான் ஓடியது. ஒரு மூட்டை உப்பு மலைக்குப் போன வழியைப் பின்தொடருங்கள். கிடங்கில் முஸ்லிம் வியாபாரி, படகில் சிங்களத் தோணிக்காரர், மேலே தவள மாடு, சுங்கக் குத்தகைக்காரர், கரையில் கோப்பி பொறுக்கிய பெண் எல்லோரும் அந்த ஒரே பாதையில் வந்துவிடுவார்கள். நான் ஒரு பலகை கேட்பேன், நுழைவாயிலில்: தொட்டலங்க, பாலத்துறை, கிராண்ட்பாஸ், மூன்றும் ஒரே எழுத்தளவில், பொருளோடு. இன்னொன்று, நாகலகம் வீதி நீர்மானியின் அளவோடு ஓர் உயரமான தூண். 1947 எங்கே நின்றது, 1989 எங்கே, 2016 எங்கே, டித்வா எங்கே என்று கோடு போட்டு. பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று தங்கள் உயரத்தை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அந்தத் தூண் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நம் வீட்டுச் சுவர்களிலேயே அந்தக் கோடுகள் இருக்கின்றன. பெயின்ட் அடித்து மறைத்தவர்களும் உண்டு, மூத்தவர்கள் பென்சிலால் திகதி எழுதி வைத்தவர்களும் உண்டு. 1947ஐக் கண்ணால் கண்டவர்களுக்கு இன்று எண்பது வயதைத் தாண்டிவிட்டது. வரும் விடுமுறையில் எங்கள் தரம் 9 பிள்ளைகள் அளவு நாடாவும் கொப்பியும் எடுத்துக்கொண்டு பண்டின் இரண்டு பக்கமும் வீடு வீடாக வருவார்கள். எந்த வருடத் தண்ணீர் எத்தனை அடி நின்றது, அன்று யார் யார் வீட்டில் இருந்தார்கள், எங்கே போய்த் தங்கினார்கள் என்று கேட்பார்கள். பழைய படகின் படம், வாடகைச் சிட்டு, உறுதி ஏதாவது இருந்தால் காட்டுங்கள். படம் பிடித்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தருவார்கள். தேநீர் எல்லாம் வேண்டாம். சுவரில் கோடு அலுமாரிக்குப் பின்னால் இருந்தால், அதை நகர்த்த மட்டும் ஒரு கை கொடுங்கள்.